மூன்று வாரத்துக்கு ஒரு முறை: 38 வயதில் பி.எட். சேர்ந்த ஒரு தாயின் வருகைப்பதிவு

கடலூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கல்வியியல் கல்லூரியில் 2023 முதல் 2025 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்த இரண்டு ஆண்டும் இந்த மாணவிக்கு நான் வகுப்பாசிரியர். அவரும் அவருடைய கணவரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். மாணவி இதைப் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் என் நினைவைத் திருத்தினார். பெயர்களும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களும் நீக்கப்பட்டிருக்கின்றன.

பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு குடும்பத்தோடு படிக்க வருபவர்கள் எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏன் நின்றார்கள் என்று கேட்டால் "வீட்டுச் சூழ்நிலை" என்ற ஒரே சொல்லில் கோப்பை மூடிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஒரு மாணவி விஷயத்தில்தான் எனக்கு முழுமையாகப் பார்க்கக் கிடைத்தது.

பின்னணி

மாணவி பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக்காட்டுக் கிராமத்தில் பிறந்தவர். 2006 ஏப்ரலில் பி.எஸ்சி. கணிதம் முடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் திருமணமாகிக் கடலூருக்கு வந்தார். கணவர் சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். வாரம் ஒரு ஷிப்டாக மூன்று ஷிப்டும் சுழன்று வரும் வேலை. கல்லூரியில் சேர்ந்தபோது மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, மகன் ஏழாம் வகுப்பு. உடன் மாமியார், வயது 67, நீண்ட நாள் சர்க்கரை நோயாளி, இன்சுலின் போட்டுக்கொள்பவர், ஒரு கண்ணில் பார்வை மங்கல்.

பி.எட். ஆசை புதிதாக வந்ததில்லை. 2012-இல் சேருவதாகத்தான் இருந்தது. முந்திரி விற்ற பணத்தில் கட்டணம் கட்டுவதாக அப்பா சொல்லியிருந்தார். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்பாவின் தோப்பும் அதில் போயிற்று. கடலூர் வீட்டில் கூரைத் தகடு பறந்தது. கைக்குழந்தையாக இருந்த மகனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடியதில் டிரங்குப் பெட்டியை எடுக்க முடியவில்லை. அவருடைய பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழில் கீழிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்குத் தேநீர் நிறத்தில் ஒரு கோடு இன்றும் இருக்கிறது. தண்ணீர் அங்கே வரைக்கும் நின்றிருக்கிறது. கையெழுத்தும் முத்திரையும் அந்தக் கோட்டுக்குக் கீழே மங்கிப் போயிருந்தன.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள். அப்போது பி.எட். ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் வந்த பிறகு, 2015-16 முதல் அது இரண்டாண்டானது. தள்ளிப்போட்டதன் விலை இரட்டிப்பானது என்று சொன்னால் மிகையில்லை.

2014 முதல் ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுத்தார். 2023-இல் அவர் கையில் வாங்கிய சம்பளம் 8,500 ரூபாய். கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி 2010-இல் வெளியான அறிவிக்கையின்படி, அந்த வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியராக இருக்க பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சியும் ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் வேண்டும். ஒன்பது ஆண்டு பாடம் நடத்திய பிறகு, "பி.எட். இல்லாமல் அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ள இயலாது" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

சேருவதற்கு முன் எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் அவர் முன் இருந்தன.

முதலாவது, தொலைநிலைக் கல்வி. வேலையை விடாமல் படிக்கலாம் என்று எல்லாரும் சொன்னது இதைத்தான். ஆனால் தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே நேரடி முறையில் தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி போன்ற ஒன்றை முடித்தவர்களுக்கானது. வெறும் பட்டத்தோடு பள்ளியில் வேலை பார்த்தவருக்கு அது திறக்காத கதவு. விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். இவர் விவரக் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்ததால் தப்பினார்.

இரண்டாவது, ஒரு தரகர். "கல்லூரிக்கே வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும், வருகைப்பதிவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றாராம். வெளிமாநிலக் கல்லூரி, கூடுதல் பணம். வீட்டில் இருவருக்கும் இதில் சபலம் இருந்தது என்று மாணவி மறைக்காமல் சொன்னார். வேண்டாம் என்று முடிவெடுக்க அவர் சொன்ன காரணம் எளிமையானது: "பொய்யாக வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் எப்படி நிற்பது?" சான்றிதழ் சரிபார்ப்பின்போது அது செல்லாமல் போனால் பணமும் ஆண்டுகளும் சேர்ந்தே போகும் என்ற கணக்கும் இருந்தது.

மூன்றாவது, நேரடிப் படிப்பு. வேலையை விட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 43 விழுக்காடு போதும், இவருடையது 61. கட்டணத்துக்குச் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை ரெக்கார்டு நோட்டு, சார்ட் அட்டை, நகல் செலவுக்கென்று ஒதுக்கிவைத்தார். போக்குவரத்துக்கு மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து. இந்தப் பேருந்து முடிவு பின்னால் முக்கியமாகிறது.

சான்றிதழ்களில் ஒரு சிக்கல் வந்தது. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவருடைய இனிஷியல். திருமணத்துக்குப் பின் படிக்க வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரைத் திருத்தச் சொன்னோம். மூன்று வாரம் ஆயிற்று. மங்கிய பிளஸ் டூ சான்றிதழுக்கு அரசுத் தேர்வுகள் துறைக்கு நகல் கேட்டு விண்ணப்பித்தார். இதற்கு மேல் இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் பருவம்: நான் பார்த்ததும் பார்க்கத் தவறியதும்

நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி உண்டு. ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன், உடன் படிப்பவர்களே மாணவர்கள். 22 வயதுப் பிள்ளைகள் கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்று உளறிக்கொண்டிருந்தபோது, இவர் எழுந்து வந்து குறை எண்களை எடுத்தார். "மளிகைக் கடை நோட்டில் நம் பேரில் ஐம்பது ரூபாய் கடன். கையில் இருப்பது முப்பது. முப்பதைக் கொடுத்துவிட்டால் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார். ஒருவர் "ஒன்றுமில்லை" என்றார். "ஒன்றுமில்லையா? கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்" என்றார். கரும்பலகையில் சுழியத்துக்கு இடப்பக்கம் கோட்டை நீட்டி 20-ஐக் குறித்தார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் அந்த ஆண்டு பார்த்த மிகச் சிறந்த ஆறு நிமிடம் அது. முடிந்ததும் நேராக வெளியே போய்க் கைப்பேசியை எடுத்துப் பேசினார். வீட்டிலிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன.

அதே மாணவி அடிக்கடி முதல் பாடவேளைக்குத் தாமதமாக வந்தார். சில நாள் வரவே இல்லை. விடுப்புக் கடிதத்தில் "பெற்றோர் கையொப்பம்" என்ற இடம் காலியாக இருந்ததால் ஒரு முறை நான் திருப்பிக் கொடுத்தேன். 38 வயதுப் பெண்ணிடம், அப்பா காலமாகி மூன்று ஆண்டான பெண்ணிடம், பெற்றோர் கையெழுத்து கேட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். என் வழிகாட்டிக் குறிப்பேட்டில் அந்த மாதம் நான் எழுதிய வரி: "திறமை உண்டு, ஈடுபாடு குறைவு." அந்த வரி தவறு. எதையும் விசாரிக்காமல் எழுதியது.

60 வேலை நாட்கள் முடிந்தபோது கணக்குப் பார்த்தேன். 11 நாள் வரவில்லை. 14 நாள் தாமதம். எங்கள் கல்லூரியில் முதல் பாடவேளைக்கு வராவிட்டால் அரை நாள் போய்விடும். ஆக மொத்தம் 18 நாள் இழப்பு. வருகை 70 விழுக்காடு. விதிப்படி வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வேண்டும், பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்கு 90. ஆண்டுக்கு 200 வேலை நாள், பருவத்துக்கு 100. மீதியிருந்த 40 நாளில் அவர் 38 நாள் முழுமையாக வந்தால்தான் தேர்வு எழுத முடியும்.

அவரை அழைத்து எச்சரிக்கத்தான் அன்று உட்கார்ந்தேன். பேசுவதற்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று நாட்காட்டித் தாளில் அவர் வராத நாட்களைச் சிவப்பிலும் தாமதமான நாட்களை நீலத்திலும் வட்டமிட்டேன். பாதி வட்டமிடும்போதே கை நின்றது. வட்டங்கள் மாதம் முழுவதும் சிதறியிருக்கவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை கொத்தாக ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம் அநேகமாகச் சுத்தம், மறுபடி ஒரு கொத்து. 25 வட்டங்களில் 18 நான்கே வாரங்களில் இருந்தன. அந்த நான்கு வாரங்களும் சரியாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்தன.

தாளை அவரிடம் நீட்டி, "இந்த வாரங்களில் என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இது எல்லாம் அவருக்கு முதல் ஷிப்ட் வாரம், மேடம்" என்றார். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தினமும் அதற்குள்ளேயே வாழ்ந்தவர். முழுமையாகப் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரத்தின் காலை

முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. கணவருக்குக் கம்பெனிப் பேருந்து 5.20-க்கு. மகள் சிறப்பு வகுப்புக்கு 7.15-க்குக் கிளம்பிவிடுவாள். மகன் 8.40-க்கு. மாமியாருக்குக் காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் இன்சுலின் போட வேண்டும். 2022-இல் ஒரு நாள் ஊசி போட்டுவிட்டு இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு இவர் பள்ளிக்குப் போயிருக்கிறார். மாமியார் பசியில்லை என்று படுத்துவிட்டார். சர்க்கரை இறங்கி, வியர்த்துப்போய்த் தரையில் கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அன்று முதல், மாமியார் கடைசி வாய் விழுங்குவதைக் கண்ணால் பார்க்காமல் இவர் வாசலைத் தாண்டுவதில்லை. மாமியார் எட்டரைக்கு முன் சாப்பிட மாட்டார்.

கட்டணமில்லாப் பேருந்து 8.35-க்கு, அது 9.20-க்குக் கல்லூரி வாசலில் விடும். அதை விட்டால் அடுத்தது 9.15, கல்லூரிக்கு வரும்போது மணி பத்து. முதல் பாடவேளை 9.30-க்கு.

மற்ற இரண்டு வாரங்களிலும் கணவர் காலையில் வீட்டில் இருப்பார். இவர் ஊசியைச் சீக்கிரம் போட்டுவிட்டு ஓடலாம்; சாப்பிட வைப்பது அவர் பொறுப்பு. ஊசியைக் கணவரே போட்டால் என்ன என்று கேட்டேன். வயிற்றில் போடும் ஊசி. மகன் முன்னால் புடவையை விலக்க மாமியாருக்குக் கூச்சம். "அம்மாடி, நீயே போட்டுவிட்டுப் போ" என்பாராம்.

இதில் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. மாமியார் கொடுமைக்காரி இல்லை; ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர், மருமகள் படிப்பதைத் தெருவில் நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்பவர். கணவர் தடுத்தவர் இல்லை. எல்லாரும் "போய்ப் படி" என்றார்கள். அவர் செய்துகொண்டிருந்த வேலைகளில் ஒன்றைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை. படிக்க அனுமதித்ததே பெரிது என்று நினைத்தாராம்.

முடிவுகளும் காரணங்களும்

கணவரை வரச் சொன்னேன். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஒரு நாள் பதினொரு மணிக்கு வந்தார், கண் சிவந்திருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, மேடம்" என்றுதான் தொடங்கினார். உண்மைதான் என்றேன். வட்டமிட்ட நாட்காட்டித் தாளைக் கொடுத்தேன். விரலால் வாரங்களை எண்ணினார். "இது என் டியூட்டி சார்ட் மாதிரியே இருக்கிறது" என்றார். நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்கு வழிகளைப் பேசினோம். அபராதம் கட்டி வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் அடுத்த பருவத்திலும் இதே முதல் ஷிப்ட் வாரங்கள் வரும், கற்பித்தல் பயிற்சியின் 90 விழுக்காட்டில் இது எடுபடாது. காலையில் ஓர் உதவியாளரை வைக்கலாம். மாதம் நான்காயிரம் கேட்டார்கள், ஒரு சம்பளம் நின்றுபோன வீட்டால் இயலாது. "மகள் பிளஸ் டூ முடிக்கட்டும், ஓராண்டு நிறுத்திவிட்டுச் சேரலாமே" என்று கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மனைவி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "2012-இலும் அடுத்த வருஷம் என்றுதான் சொன்னோம்." அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

நான்காவது வழியைக் கணவர்தான் கொண்டுவந்தார். அவருடன் வேலை செய்யும் ஒருவர் அதிகாலை ஷிப்டையே விரும்பிக் கேட்பவர். இவருடைய முதல் ஷிப்ட் வாரங்களை அவர் எடுத்துக்கொண்டு தன்னுடைய இரண்டாம் ஷிப்டைத் தரலாம். மேற்பார்வையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன் என்று போனார். பத்து நாளில் அனுமதி வந்தது. அந்தப் பத்து நாளுக்கு மாணவியின் அம்மா பண்ருட்டியிலிருந்து வந்து தங்கினார்.

ஊசி விஷயத்தைத் தீர்த்தது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதந்தோறும் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர். மேல்கையின் பின்புறத்திலும் இன்சுலின் போடலாம் என்று அவர் செவிலியரிடம் கேட்டு வந்து சொன்னார். செவிலியர் ஒரு நாள் கணவருக்குச் செய்து காட்டினார். கையை நீட்ட மாமியாருக்குக் கூச்சமில்லை. அந்த வீட்டில் ஒரு வேலை முதல் முறையாக இன்னொருவர் கைக்குப் போனது அன்றுதான். என் கணிப்பில் ஷிப்ட் மாற்றத்தைவிட இது பெரியது. ஷிப்ட் மாற்றம் அதிகாலையைத் தீர்த்தது. ஊசி கைமாறியது எல்லாக் காலைகளையும் தீர்த்தது.

பின்விளைவுகள்

மீதி 40 நாளில் ஒரே ஒரு நாள்தான் வரவில்லை. 81 விழுக்காட்டோடு தேர்வு எழுதினார்.

வேறொரு இடத்தில் தடுக்கியது. மாதிரித் தேர்வில் மூன்றாவது மணி நேரத்தில் கை வலித்து இரண்டு பத்து மதிப்பெண் வினாக்களை விட்டுவிட்டார். ஒன்பது ஆண்டுகளாகக் கரும்பலகையிலும் நோட்டுத் திருத்தத்திலும் பழகிய கை, மூன்று மணி நேரம் தொடர்ந்து தாளில் எழுதிப் பழகவில்லை. படித்தது எல்லாம் தலையில் இருந்தது. தினம் ஒரு பத்து மதிப்பெண் விடையைக் கடிகாரம் வைத்துப் பதினெட்டு நிமிடத்தில் எழுதிக் காட்டச் சொன்னேன். தாமதமாகச் சொன்ன யோசனை. முதல் பருவத்தில் உளவியல் தாள் போயிற்று. அடுத்த முறை எழுதித் தேறினார். இடைவெளி விட்டு வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

2024 மார்ச்சில் மகளுக்குப் பொதுத்தேர்வு. வீட்டில் ஒரே மேசை. இரவு பத்து வரை மகளுக்கு, அதிகாலை நான்கு முதல் அம்மாவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மே மாதம் முடிவு வந்து, மகள் தேவனாம்பட்டினம் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரத் தொடங்கியது. வீட்டில் இரண்டு கல்லூரி மாணவிகள்.

இரண்டாம் ஆண்டில் 16 வாரக் கற்பித்தல் பயிற்சி, நகரை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். 80 நாளில் 72 நாள் கட்டாயம். நவம்பர் வரை மூன்று நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயலைவிட அடுத்து வந்ததுதான் கடலூரை அடித்தது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறியது. இவர்கள் வீடு ஆற்றுப் பக்கம். இடுப்பளவு தண்ணீர். மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் உறவினர் வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு நான்காம் நாள்தான் தொலைபேசியில் கிடைத்தார். நலம் விசாரித்துவிட்டு, ரெக்கார்டுகள் என்னவாயின என்று கேட்கத் தயங்கினேன். பயிற்சி ரெக்கார்டுகள் அத்தனையும் கையால் எழுதியவை. 40 பாடக்குறிப்பு, உற்றுநோக்கல் பதிவு, ஒரு நிகழ்வு ஆய்வு. அவரே சொன்னார்: "எல்லாம் பரணில் இருக்கிறது, மேடம். அரிசி டின்னில் போட்டு மூடி, மேலே பாலிதீன் சுற்றி வைத்திருந்தேன். தானே புயல் வந்த பிறகு கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் சான்றிதழ் எல்லாம் டின்னுக்குள் போய்விடும்." தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தபோது அட்டையில் அரிசி மாவு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

பள்ளிகளுக்கு மாவட்ட நிர்வாகம் அறிவித்த விடுமுறை நாட்கள் எல்லாருக்கும் பொது. அவற்றுக்கு ஈடாகப் பயிற்சி நீண்டது. பள்ளி திறந்த பிறகும் வீட்டுச் சேற்றை அள்ள இவருக்கு நான்கு நாள் தேவைப்பட்டது. முன்பு மூன்று, இப்போது நான்கு. 80-இல் 73. ஒரு நாள் மிச்சத்தில் தேறினார். முதல் ஷிப்ட் வாரங்கள் பழையபடி இருந்திருந்தால் இந்த வெள்ளம் அவர் படிப்பை முடித்திருக்கும்.

2025-இல் இறுதித் தேர்வில் எல்லாத் தாளிலும் தேர்ச்சி. இப்போது வேறொரு பள்ளியில் அதே வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறார், சம்பளம் 14,000. சங்கிலி இன்னும் வங்கியில்தான். தகுதித் தேர்வின் இரண்டாம் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

கணக்கில் வராதது

ஷிப்ட் மாற்றத்தின் விலையை மகன் கொடுத்தான். அப்பா இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் இரவு பத்தரைக்கு வருவார்; இரவு ஷிப்ட் வாரத்தில் மாலை எழுந்து கிளம்பும் அவசரத்தில் இருப்பார். முதல் ஷிப்ட் வாரங்களில்தான் அப்பாவும் மகனும் மாலையில் கடற்கரைக்குப் போய்க் கால்பந்து ஆடுவது வழக்கம். ஒன்றேகால் ஆண்டுக்கும் மேல் அது இல்லாமல் போயிற்று. எட்டாம் வகுப்பு அரையாண்டில் மூன்று பாடங்களில் மதிப்பெண் சரிந்தது. அவனுடைய வகுப்பாசிரியர் சொல்லித்தான் வீட்டுக்கே தெரிந்தது. கணவருக்கும் எல்லா வாரமும் பிற்பகலும் இரவுமாகவே வேலையாகித் தூக்கம் கெட்டது, உடல் மெலிந்தார். நாங்கள் மூன்று பெரியவர்கள் என் அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தபோது, அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் மாலைகளை யாரும் எண்ணவில்லை. பயிற்சி முடிந்ததும் கணவர் பழைய சுழற்சிக்குத் திரும்பிவிட்டார். கால்பந்து மறுபடி தொடங்கியிருக்கிறது.

மாற்ற வேண்டியவை

அறுபது நாள் காத்திருந்தது என் தவறு. மூன்றாவது வாரத்திலேயே வருகைப்பதிவை நாட்காட்டியில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் கொத்திலேயே கேட்டிருப்பேன். மொத்த விழுக்காட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மாணவி அக்கறையற்றவராகத்தான் தெரிவார்.

தாமதத்துக்கு அரை நாள் வெட்டும் விதியில், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மாதம் இரண்டு நாள் விலக்கு கேட்டுக் கல்லூரிக் குழுவில் எழுதிக் கொடுத்தேன். ஏற்கவில்லை. ஒருவருக்குத் தந்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். மறுபடி எழுதிக் கொடுப்பேன். விடுப்புக் கடிதத்தில் "பெற்றோர் கையொப்பம்" என்பது "பெற்றோர் / கணவர் / மனைவி" என்று மாறியிருக்கிறது. பெரியவர்கள் தாங்களே கையெழுத்திட்டால் போதாதா என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில், முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இப்போது ஒரு வெள்ளைத் தாள் கொடுக்கிறேன். அதிகாலை ஐந்து முதல் காலை ஒன்பதரை வரை அரை மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டில் என்ன வேலை நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். வேலைக்குப் போகிற கணவருக்கு ஷிப்ட் இருந்தால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித் தாள். படிக்கிற பிள்ளைகளின் மாலை நேரத்துக்கும் ஒரு தாள் சேர்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு மூன்று பேர் நிரப்பித் தந்தார்கள். ஒருவர் தாளில் ஒன்பது கட்டங்களிலும் "யார்" என்ற இடத்தில் "நான்" என்று எழுதியிருக்கிறது. அவருடைய கணவரை வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வகுப்புகள் தொடங்கி இன்றோடு எட்டு நாள்.